'சும்மா இரு' என்றால் ஆற்றை அப்படியே விடுவதா? முக்கொம்பில் நின்று புரிந்துகொள்ள வேண்டிய ஒரு சீனச் சொல்

திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறு, பாலத்தில் நின்று ஒரு செல்ஃபி. ஆடிப்பெருக்கு அன்று கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் அந்தப் பாலத்துக்குக் கீழே நடப்பது சாதாரண விஷயம் இல்லை. மேற்கிலிருந்து ஒரே ஆறாக வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம்.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஓர் இடம் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலும் இருக்கிறது. பெயர் துஜியாங்யான். அங்கே மின் என்ற ஆறு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. கி.மு. 256 வாக்கில் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது.

துஜியாங்யானை உதாரணமாகக் காட்டித்தான், மனிதன் இயற்கையை ஜெயிக்க வேண்டுமா, அதோடு ஒத்துப்போக வேண்டுமா என்ற கேள்வியைச் சீனாவில் பலரும் பேசுகிறார்கள். அந்த விவாதம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. வரும் வழியில் ஒரு முக்கியமான சொல்லின் அர்த்தம் பாதி தொலைந்துபோகிறது. அது என்ன சொல், அதற்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

'வூ வெய்' அப்படின்னா என்ன?

'வூ' என்றால் இல்லை. 'வெய்' என்றால் செய்வது. இரண்டையும் சேர்த்தால் 'செய்யாமை'. லாவோ ட்சு எழுதியதாகச் சொல்லப்படும் 'தாவோ தே ஜிங்' என்ற பழைய சீன நூலின் மையக் கருத்து இது. மிக உயர்ந்த நன்மைக்கு அந்த நூல் காட்டும் உவமை தண்ணீர். தண்ணீர் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது, யாரோடும் போட்டி போடுவதில்லை, தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது என்பது அதன் விளக்கம்.

தமிழ் வாசகருக்கு 'செய்யாமை' என்று கேட்டதும் சட்டென்று நினைவுக்கு வருவது 'சும்மா இரு' என்ற சொல். அருணகிரிநாதரிடம் இருக்கிறது, தாயுமானவரிடமும் இருக்கிறது. தாயுமானவர் திருச்சியில் நாயக்கர் அரசவையில் பணியாற்றியவர், மலைக்கோட்டைச் சாமியின் பெயரைக் கொண்டவர். ஆகவே 'வூ வெய்' நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரில் 'சும்மா இரு' என்பது மனசு அடங்குவதைப் பற்றிய பேச்சு. 'வூ வெய்' அதோடு நிற்பதில்லை. ராஜா எப்படி ஆள வேண்டும், ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான யோசனையும் அதில் உண்டு. சீன அறிவியல் வரலாற்றை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜோசப் நீதம் 1956ல் வெளிவந்த தன் நூலின் இரண்டாம் தொகுதியில் இதற்குத் தந்த விளக்கம் புகழ்பெற்றது. 'வூ வெய்' என்றால் சோம்பி உட்காருவது இல்லை, பொருட்களின் இயல்புக்கு எதிரான செயலைத் தவிர்ப்பது என்றார் அவர். அதாவது வேலை செய்யலாம், நிறையவே செய்யலாம். எதிர்நீச்சல் போட்டுச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் படித்தால் இது கொஞ்சம் மழுப்பலாகத் தெரியும். துஜியாங்யானைப் பார்த்தால் பளிச்சென்று புரியும்.

துஜியாங்யானில் என்ன செய்தார்கள்?

சின் அரசின் கீழ் ஷூ பகுதிக்கு ஆளுநராக இருந்தவர் லி பிங். மலையிலிருந்து வேகமாக இறங்கும் மின் ஆறு, சமவெளிக்கு வந்ததும் வெள்ளம் எடுத்து ஊரை அழித்துக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு பெரிய சுவரை எழுப்பி ஆற்றை நிறுத்த அவர் முயலவில்லை. மூன்று வேலைகள் செய்தார்.

முதலாவது, 'மீன் வாய்'. ஆற்றின் நடுவே மீனின் மூக்கு போலக் கூர்மையான ஒரு கரை. மூங்கில் கூடைகளில் கற்களை நிரப்பி, அடுக்கி அடுக்கிக் கட்டியது. இது ஆற்றை உள் ஆறு, வெளி ஆறு என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஆறு வளையும் இடத்தில் அமைந்திருப்பதுதான் இதன் சூட்சுமம். தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் சுமார் 60 சதவீதம் ஆழமான உள் ஆற்றுக்குள் வந்து பாசனத்துக்குப் போகிறது. வெள்ளக் காலத்தில் விகிதம் தானாகவே தலைகீழாகி, 60 சதவீதம் வெளி ஆற்றில் போய்விடுகிறது. பழைய அமைப்பில் இதற்கு எந்தக் கதவையும் யாரும் ஏற்றி இறக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, 'பறக்கும் மணல்' தடுப்பு. உள் ஆற்றில் தண்ணீர் அளவுக்கு மீறினால், இந்தத் தாழ்வான தடுப்பின் மேலே வழிந்து வெளி ஆற்றுக்குத் திரும்பிவிடும். போகும்போது மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

மூன்றாவது, 'குப்பியின் வாய்'. மலையை வெட்டி உண்டாக்கிய குறுகலான வழி. வெடிமருந்து இல்லாத காலம் என்பதால், பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி விரிசல் விடவைத்து உடைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வழி குறுகலாக இருப்பதால் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சமவெளிக்குள் நுழைய முடியாது.

இன்று இந்த ஏற்பாட்டால் பாசனம் பெறும் நிலம் 6.6 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். 2000ல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 2008 மே 12ல் சிச்சுவானை உலுக்கிய நிலநடுக்கத்தில் 'மீன் வாய்' பகுதியில் விரிசல் விட்டது, ஆனால் பாசனம் நிற்கவில்லை.

அப்போ, கட்டிவிட்டுச் சும்மா இருந்தார்களா?

இல்லவே இல்லை. இதுதான் பலரும் தவறவிடும் இடம்.

துஜியாங்யானின் உயிரே ஆண்டுதோறும் நடக்கும் பராமரிப்புதான். முன்பெல்லாம் குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்ததும் மரத்தால் செய்த முக்காலிகளை நட்டு, ஒரு கிளையை அடைத்துத் தூர்வாரினார்கள். கூடைகளைப் புதுப்பித்தார்கள். பிறகு வசந்தகாலத்தில் தண்ணீர் திறப்பு, அது ஒரு திருவிழா. படுகையை ஆழமாகத் தூர்வாரு, தடுப்பை உயர்த்தாதே என்பது தலைமுறை தலைமுறையாக அங்கே சொல்லப்படும் விதி.

எவ்வளவு ஆழம் தூர்வாருவது? அதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஆற்றுப் படுகைக்குள் இரும்புத் தூண்களைப் படுக்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள். இரும்பு கண்ணில் படும் வரை தோண்ட வேண்டும், பட்டதும் நிறுத்திவிட வேண்டும். குறைவாகத் தோண்டினால் வயலுக்குத் தண்ணீர் போதாது. அதிகமாகத் தோண்டினால் உள்ளே வரக் கூடாத வெள்ளம் வந்துவிடும்.

'வூ வெய்' என்பதை ஆற்றுப் படுகையில் எழுதிக்காட்டினால் இப்படித்தான் இருக்கும். செய்வதற்கு ஏகப்பட்ட வேலை. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

லி பிங் ஒரு தாவோ ஞானியா?

அப்படிச் சொல்ல முடியாது. அவர் வேலை பார்த்த சின் அரசு கடுமையான சட்டத்தையும் தண்டனையையும் நம்பிய அரசு. இந்தப் பாசனத்தில் விளைந்த தானியம் சின் படைகளுக்குச் சோறு போட்டது, மற்ற அரசுகளை ஜெயிக்க உதவியது. துஜியாங்யானைத் தாவோ தத்துவத்தின் வடிவமாகப் பார்ப்பது பின்னால் வந்தவர்களின் வாசிப்பு. பக்கத்திலேயே தாவோ மதத்தின் பிறப்பிடங்களில் ஒன்றான சிங்செங் மலை இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிற்காலத்து வாசிப்பு என்பதாலேயே அது பொய் ஆகிவிடாது. சீனர்கள் ஏன் அப்படி வாசிக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதில் 20ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

ஆற்றை ஜெயிக்கப் போன கதை

மாவோ காலத்தில் எங்கும் ஒலித்த முழக்கம், மனிதன் உறுதியாக நின்றால் இயற்கையை வெல்வான் என்பது. அந்த வேகத்தில், சோவியத் நிபுணர்களின் வடிவமைப்பில், மஞ்சள் ஆற்றின் குறுக்கே 1957ல் தொடங்கியது சான்மென்சியா அணை.

சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் நீரியல் பேராசிரியர் ஹுவாங் வான்லி இதை எதிர்த்தார். மஞ்சள் ஆறு உலகிலேயே அதிக வண்டல் சுமக்கும் ஆறுகளில் ஒன்று. தண்ணீரை நிறுத்தினால் வண்டலும் நிற்கும், மேலே இருக்கும் ஊர்கள் மூழ்கும் என்றார். கட்டியே தீருவீர்கள் என்றால், அடியில் இருக்கும் திறப்புகளையாவது அடைக்காதீர்கள், வண்டல் வெளியேற வழி வேண்டும் என்று கேட்டார். திறப்புகள் அடைக்கப்பட்டன. அவருக்கு 'வலதுசாரி' முத்திரை விழுந்தது.

1960ல் அணையில் தண்ணீர் தேக்கினார்கள். ஒன்றரை ஆண்டுகளில் சுமார் 150 கோடி டன் வண்டல் படிந்தது. துணையாறான வெய் ஆற்றின் படுகை உயர்ந்து, பழம்பெரும் நகரமான ஷியான் வரைக்கும் ஆபத்து தெரிந்தது. பிறகு பெரும் செலவில் அணையை மாற்றிக் கட்டினார்கள். அடைத்த திறப்புகளையே திரும்ப உடைத்துத் திறந்தார்கள். ஹுவாங் வான்லியின் மேல் இருந்த முத்திரை நீங்கியது 1980ல். 2001ல் இறக்கும் வரை அவர் மூன்று பள்ளத்தாக்கு அணையையும் எதிர்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு எதிரான விஞ்ஞானிகளின் குரல்களைத் தொகுத்து, பத்திரிகையாளர் தாய் சிங் 1989ல் ஒரு நூல் வெளியிட்டார். நூல் தடை செய்யப்பட்டது, அவர் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனாலும் 1992ல் இந்த அணைத் திட்டம் சீன நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் ஒதுங்கி நின்றார்கள். அரசு கொண்டுவருவதெல்லாம் அப்படியே நிறைவேறும் அந்த அவையில் இது யாரும் எதிர்பாராதது.

'வானமும் மனிதனும் ஒன்று': யார் சொன்னது?

இதே காலகட்டத்தில்தான் தத்துவப் பக்கத்திலும் ஒரு திருப்பம். வரலாற்று அறிஞர் சியென் மு 1990ல் தைவானில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கட்டுரையில், 'வானமும் மனிதனும் ஒன்று' என்ற பழைய கருத்துதான் உலகத்தின் எதிர்காலத்துக்குச் சீனா தரக்கூடிய பெரிய கொடை என்றார்.

அதைக் கையில் எடுத்து விரித்துப் பேசியவர் ஜி சியன்லின். இந்தியாவுக்குத் தெரிந்த பெயர்தான். ஸ்ரீரங்கத்தில் கம்பர் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் ராமகதையின் வால்மீகி மூலத்தை, சமஸ்கிருதத்திலிருந்து முழுமையாகச் சீனத்தில் தந்தவர் இவர். கலாசாரப் புரட்சியின் கெடுபிடிகளுக்கு நடுவே, வாயிற்காவல் வேலை பார்த்துக்கொண்டே ரகசியமாகச் செய்த மொழிபெயர்ப்பு அது. 2008ல் இந்தியா அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. இயற்கையை ஜெயிக்க நினைக்கும் போக்கு உலகத்தை முட்டுச்சந்துக்குக் கொண்டுவந்துவிட்டது, கிழக்கின் பார்வை அதற்கு மருந்தாகும் என்பது அவரது வாதம். 'வானமும் மனிதனும் ஒன்று' என்பதில் இந்தியச் சிந்தனையையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய நூல்களில் இந்தக் கருத்து அறத்தையும் ஆட்சியையும் பற்றியது, சுற்றுச்சூழலைப் பற்றியது அல்ல என்று ஒரு தரப்பு சொன்னது. வானத்தோடு ஒன்றியிருந்த அதே சீனாதான் நூற்றாண்டுக் கணக்கில் காடுகளை அழித்தது என்று வரலாற்றாசிரியர் மார்க் எல்வின் 2004ல் ஒரு நூலே எழுதினார். உயர்ந்த தத்துவம் இருந்ததாலேயே ஆறுகள் காப்பாற்றப்பட்டுவிடாது என்பதற்கு நாமும் வெளியில் சாட்சி தேட வேண்டியதில்லை. காவிரியை அம்மா என்று கும்பிடுகிறவர்கள்தானே நாம்!

2003ல் ஓர் அணை நின்றுபோனது எப்படி?

ஆனால் தத்துவப் பேச்சு வீணாகவும் போகவில்லை. 2003ல், துஜியாங்யானின் 'மீன் வாய்'க்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் யாங்லியூஹு என்ற அணை கட்டத் திட்டம் போட்டார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரிகள், அறிஞர்கள், பத்திரிகைகள் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2,200 ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாட்டின் தலையில் கான்கிரீட்டை வைப்பதா என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மாகாண அரசு திட்டத்தைக் கைவிட்டது. சீனாவில் பொதுமக்கள் கருத்து ஓர் அணையை நிறுத்திய அரிய சம்பவங்களில் இது ஒன்று.

முக்கொம்புக்கு வருவோம்

'கொள்ளிடம்' என்ற பெயருக்கு நம் ஊரில் சொல்லப்படும் விளக்கம், வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பது. துஜியாங்யானின் 'வெளி ஆறு' செய்யும் வேலையும் அதுவேதான். அந்த யோசனை நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சிக்கல் வந்தது. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், காவிரியின் தலைப்பில் மணல் மேடு. தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போக, தஞ்சைப் பகுதி காய்ந்தது. ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி, தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஆறு அதோடு விடவில்லை. இப்போது காவிரிக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் வரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காவிரித் தலைப்பிலும் படுகைச் சுவர் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் பதில் சொல்லும், ஆற்றின் குணம் அது.

182 ஆண்டுகள் தாங்கிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி அவசரமாக அடைத்தார்கள். கொள்ளிடத்தில் அளவில்லாமல் மணல் அள்ளிப் படுகை இறங்கியதுதான் காரணம் என்று விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். அன்றைய அரசு அதை மறுத்தது, அணையின் வயதையும் வெள்ளத்தையும் காரணமாகச் சொன்னது. பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிப் புதிய கதவணை கட்டப்பட்டது.

இதுல யார் சொன்னது சரி என்பது தனி விவாதம். ஆனால் துஜியாங்யானின் புதைத்துவைத்த இரும்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பதற்கு முன் டெல்டாவில் தூர்வாருகிறோம். அது இரும்பு தெரியும் வரை தோண்டுவது மாதிரி. மணல் குவாரியில் நடப்பது இரும்பைத் தாண்டித் தோண்டுவது. பார்க்க இரண்டும் ஒரே வேலை போலத்தான் தெரியும். இரண்டையும் பிரிக்கிற அந்தக் கோட்டைத்தான் 'வூ வெய்' என்ற சொல் காட்டுகிறது.

தமிழுக்கு எது வந்திருக்கிறது?

சீனச் சிந்தனை தமிழுக்குப் புதிது அல்ல. 'தாவோ தே ஜிங்' நூலைக் கவிஞர் சி. மணி ஆங்கிலம் வழியாகத் தமிழில் தந்தார், க்ரியா வெளியிட்டது. லூ சுன்னின் கதைகளை இலங்கையின் கே. கணேஷ் மொழிபெயர்த்தார். மாவோவின் எழுத்துகள் இடதுசாரி இயக்கங்கள் மூலம் வந்தன. இந்திய வெளியுறவுத் துறை அதிகாரியான ஸ்ரீதரன், 'பயணி' என்ற பெயரில், சீனாவின் பழம்பெரும் கவித்தொகையை நேரடியாகச் சீனத்திலிருந்தே மொழிபெயர்த்தார். 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்ற அந்த நூல் காலச்சுவடு வெளியீடு. எதிர்த் திசையில், தைவான் கவிஞர் யூ சி திருக்குறளைச் சீனத்துக்குக் கொண்டுபோனார். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963லேயே தொடங்கிவிட்டது.

கவனித்தால், நம்மிடம் அதிகம் வந்தவை பழைய ஞானமும் புரட்சியும்தான். இன்றைய சீனர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை வரவில்லை. சியென் மு, ஜி சியன்லின், ஹுவாங் வான்லி, தாய் சிங் போன்றவர்கள் தமிழ்ப் படிப்பாளிகளிடம் லூ சுன் அளவுக்கு அறிமுகம் ஆனவர்கள் அல்ல. அதனால் சீனா என்றாலே ஒன்று தாடி வைத்த ஞானி, இல்லையென்றால் சிவப்புக் கொடி என்று இரண்டே படங்கள்தான் மனதில் தங்கிவிடுகின்றன.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

இரண்டு காரணங்கள்.

ஒன்று, அக்கம்பக்கம். 'சூழல் நாகரிகம்' என்பது இன்று சீன அரசியலமைப்பிலேயே 2018 முதல் இடம்பெற்ற சொல். அதே சீனாதான் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியில், திபெத்தில், உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தை 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைச் சீனாவுக்குள்ளேயே கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் எழுத்து நமக்குத் தெரிந்திருந்தால், 'சீனா இப்படித்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டோம்.

இரண்டாவது, நம்ம ஆறு. வண்டலுக்கு வழி விடு என்று சொன்னதற்காக ஒரு பேராசிரியர் முத்திரை குத்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓரங்கட்டப்பட்டார். அவர் சொன்னதைக் கேட்காத செலவை நாடு சுமந்தது. முக்கொம்பில் புதிய கதவணை நிற்கிறது. அதன் அடியில் படுகை எந்த மட்டத்தில் இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறுகிறது, யார் அளக்கிறார்கள், அந்த அளவு மக்களுக்குத் தெரியும்படி இருக்கிறதா? அடுத்த முறை பாலத்தில் நின்று கொள்ளிடத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.